வெறும் மேனிக்கு வன்னி தோதுப்படாது: குறைந்த உடுப்போடு காட்டுவழி நடப்பவர் பையில் என்ன இருக்க வேண்டும்?

ஜேர்மனியின் ஹார்ஸ் மலைப்பகுதியில் 18 கிலோமீற்றர் நீளத்தில் ஒரு நடைபாதை இருக்கிறது. 2010 இல் திறந்தார்கள். அம்மணமாக நடப்பவர்களைக் காண விரும்பாதவர் இதற்கு மேலே போக வேண்டாம் என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். சப்பாத்து, தொப்பி, முதுகுப்பை தவிர உடம்பில் வேறொன்றும் இல்லாமல் காட்டுவழி நடப்பது ஐரோப்பாவில் ஒரு சிறு கூட்டத்தாரின் பழக்கம். அதற்கு எல்லா இடத்திலும் வரவேற்பு இல்லை. சுவிஸின் அப்பென்செல் இன்னர்ரோடன் மாநிலத்தில் 2009 ஏப்ரலில் குடிமக்கள் சதுக்கத்தில் கூடிக் கைதூக்கித் தடை செய்தார்கள். மீறினால் 200 பிராங்க் தண்டம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வெறும் மேனி மட்டும் குற்றமாகாது. பிறரைக் கலங்கடிக்கும் எண்ணம் இருந்தால்தான் 2003 ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டம் பாயும். எல்லை தாண்டி ஸ்கொட்லாந்துக்குள் போனால் நிலைமை வேறு. பிரித்தானியாவின் தென்முனையிலிருந்து வடமுனை வரை அம்மணமாக நடந்த ஸ்டீபன் கோஃப் அங்கே ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்தார். 2014 இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்த்தது.

நம்மவர் பெருந்தொகையாக வாழும் நாடுகள் இவை. ஜூலை, ஓகஸ்ட் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள், இலங்கையின் வடக்கே வன்னிப் பெருநிலத்தில், மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியின் இரு கரையிலும் கிடக்கும் காட்டைப் பார்க்கிறார்கள். இங்கே ஆளே இல்லையே, அங்கே செய்வதை இங்கே செய்தால் என்ன என்ற கேள்வி சிலருக்கு எழுகிறது. சட்டமும் ஊரும் விடாது. அவை விட்டாலும் காடு விடாது என்பதுதான் பதில். ஆனால் அம்மண நடைக்காரர் பையில் வைத்திருக்கும் பொருட்களிலும் பழக்கங்களிலும் சிலவற்றை வன்னிக்கு எடுத்துக்கொள்ளலாம். உடுப்பையும் பாரத்தையும் குறைப்பது, தோலைக் கவனிப்பது எல்லாம் உடுத்திக்கொண்டு நடப்பவருக்கும் வேண்டியவைதான்.

சட்டத்தை விரைவாக முடிக்கலாம். 1841 ஆம் ஆண்டின் அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இலங்கையில் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பொது இடத்தில் ஆபாசமாக நடந்துகொள்வது அதன்கீழ் தண்டனைக்குரியது. காட்டுப்பாதை பொது இடமல்ல என்று வாதாட நினைப்பவருக்குப் பொலிஸ் நிலையம் ஏற்ற இடமல்ல. வனப்பகுதிக்குள் நுழைவதற்கும் தனி விதிகள் உண்டு. மடு வீதி, சுண்டிக்குளம் ஆகிய இரண்டும் 2015 முதல் தேசியப் பூங்காக்கள். அனுமதியின்றி உள்ளே நடக்க முடியாது. ஒதுக்கக் காடுகளுக்கும் வனத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். எல்லைக் கல் எங்கே நடப்பட்டிருக்கிறது என்பது கிராமத்தவருக்கும் திணைக்களத்துக்கும் இடையிலேயே தீராத வழக்கு. ஆகையால் வெளியார் கிராம சேவையாளரிடம் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

ஆளில்லாத காடு என்பதும் வெளியாளின் கண்ணுக்குத்தான். மாடு சாய்க்கிறவர், விறகு கட்டுகிறவர், தேனுக்குப் போகிறவர், பாலைப்பழக் காலத்தில் பிள்ளைகளோடு வரும் பெண்கள், வன அலுவலர், படையினர் என்று நாள் முழுதும் அங்கே சனம் இருக்கிறது. அவர்கள் உங்களைக் காண்பார்கள். நீங்கள் அவர்களைக் காண மாட்டீர்கள்.

வன்னி வெறும் மேனியை அறியாத இடமும் அல்ல. சாரத்தை மடித்துக் கட்டி, தலையில் துவாயைச் சுற்றி, மேலே ஒன்றுமில்லாமல் வரம்பில் நிற்கும் கமக்காரரை எங்கும் காணலாம். குளத்துத் துறையில் ஆண்கள் கோவணத்தோடும் பெண்கள் குறுக்குக்கட்டோடும் குளிப்பார்கள். ஆனால் அதற்கென்று இடம் இருக்கிறது: வயல், முற்றம், துறை. அதே கமக்காரர் வேலிக்குக் கம்பு வெட்டக் காட்டுக்குள் இறங்கும்போது பழைய நீளக்கைச் சேர்ட் ஒன்றை மாட்டிக்கொள்வார். அரிவு வெட்டப் போகும் பெண்கள் சட்டைக்கு மேலே ஆண்களின் நீளக்கைச் சேர்ட்டைப் போடுகிறார்கள். நெல்லுக்குள்ளேயே தோலை மூட வேண்டியிருக்கிறபோது சூரைப்பற்றைக்குள் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

வெயிலும் வியர்வையும்

வெக்கைக்கு உடுப்பைக் கழற்றினால் குளிரும் என்பது நிழலில்தான் சரி. மனிதத் தோலின் வெப்பநிலை 33 முதல் 35 பாகை செல்சியஸ் வரை இருக்கும். கோடையில் வவுனியாவின் நண்பகல் வெயில் அந்த அளவைத் தொடும். சில நாட்களில் தாண்டும். அப்போது காற்று உடம்பைக் குளிர்விக்காது, சூடாக்கும். மிஞ்சியிருப்பது வியர்வை ஆவியாவது ஒன்றுதான். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வறண்டு வீசும் மாதங்களில் வெறுந்தோலில் வியர்வை கண்ணுக்குத் தெரியாமலே காய்ந்துவிடும். வியர்க்கவேயில்லை என்று நினைத்துத் தண்ணீர் குடிக்காமல் விடுவார்கள். பிற்பகலில் தலையிடி, ஓங்காளம், கால்தசைப் பிடிப்பு என்று அது வெளிப்படும். நேர்வெயிலின் சூடும் முழுதாகத் தோலில் விழும். தளர்ந்த மெல்லிய பருத்திச் சேர்ட் அந்தச் சூட்டில் ஒரு பங்கைத் தடுக்கும். வியர்வையைப் பிடித்துவைத்து மெதுவாக உலரவிடும். அதனால் வெயிலில் உடுத்தியவருக்கு வியர்வை குறைவாகவே போகும். மாரிகாலப் புழுக்கத்தில், துணி உடம்போடு ஒட்டிக் கிடக்கும்போது, வெறும் மேனிக்குக் கொஞ்சம் வாசி உண்டு. ஆனால் நுளம்பும் மயிர்க்கொட்டியும் மலிவது அந்த மாதங்களில்தான்.

வன்னி வட அகலாங்கு 9 பாகையை ஒட்டிக் கிடக்கிறது. ஆண்டின் பெரும்பகுதியில் நண்பகல் புறஊதாச் சுட்டெண் 11 ஐத் தாண்டும். கறுத்த தோல் எரியாது என்பது பிழை. மெதுவாக எரியும், அவ்வளவுதான். வெயில் படாத முதுகும் இடுப்பும் தொடையும் திடீரென்று வெளியே வந்தால் எவருக்கும் ஒரே நாளில் கொப்புளிக்கும். ஐரோப்பிய அம்மண நடைக்காரர் பையில் வெயில் களிம்பு முதலில் இருப்பதற்கு இதுதான் காரணம். வளர்ந்த ஒருவரின் முழு உடம்புக்கும் ஒருமுறை பூச 30 முதல் 35 மில்லிலீற்றர் வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திரும்பப் பூச வேண்டும். அரை நாள் நடைக்கு 100 மில்லிலீற்றர் குழாய் காலியாகிவிடும், வன்னியின் வியர்வையில் அதற்கும் முன்னரே. நீளக்கைச் சேர்ட், நீளக் காற்சட்டை, அகல விளிம்புத் தொப்பி போட்டவருக்கு முகம், பிடரி, புறங்கை மட்டும்தான் மிச்சம். ஒரு தடவைக்கு இரண்டு தேக்கரண்டி தாராளம்.

முள்ளும் சுணையும் கடியும்

வன்னிக் காட்டின் பெருமரங்களான பாலை, வீரை, முதிரை, கருங்காலி யாருக்கும் தீங்கு செய்யா. அவற்றின் கீழேயும் காடு வெட்டிக் கைவிட்ட இடங்களிலும் எழும்பும் பற்றைதான் தோலைக் கிழிக்கும். சூரையின் முள் பின்னோக்கி வளைந்தது. மாட்டினால் முன்னே இழுக்க இழுக்க ஆழமாக ஏறும். நின்று, ஒரு அடி பின்வாங்கி, கையால் கழற்ற வேண்டும். கிளா முள்ளும் விடத்தல் முள்ளும் நேராகக் குத்துபவை. விடத்தல் முள் றப்பர்ச் செருப்பின் அடியைத் துளைத்து வரும். மன்னார்ப் பக்கத்து உடைமரத்தின் வெள்ளை முள் அதைவிட நீளம். ஆகவே செருப்போடு காட்டுக்குள் போவது வேண்டாம். தடித்த அடியுள்ள சப்பாத்து, கணுக்காலுக்கு மேலே வரும் மேசு, காற்சட்டையின் விளிம்பு மேசுக்குள். மண்ணில் கிடந்த முள் ஏறினால் ஏற்புவலித் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டு என்று யோசிக்க வேண்டும். அழுக்கான காயத்துக்கு ஐந்து ஆண்டு கடந்திருந்தாலே இன்னொன்று போடச் சொல்வார்கள்.

வெறுந்தோலுக்கு முள்ளைவிடப் பெரிய வினை பூனைக்காலி. மாரி கழிந்து காய்கள் உலரும்போது அவற்றின் பொன்னிறச் சுணை காற்றில் உதிரும். கொடியைத் தொடத் தேவையில்லை, காற்றின் கீழ்ப்பக்கமாக நடந்தாலே போதும். உடம்பு முழுக்கத் தீப்பிடித்தது மாதிரிக் கடிக்கும். சொறிந்தால் சுணை உள்ளே ஏறும். ஒட்டும் நாடாவை அழுத்தி அழுத்தி எடுத்துச் சுணையை முதலில் நீக்க வேண்டும், அதன் பிறகுதான் தண்ணீர். மயிர்க்கொட்டிக்கும் இதுவே வைத்தியம். மார்பு, கழுத்து, தொடை இடுக்கு போன்ற வியர்த்த இடங்களில் சுணை பட்டால் இரண்டு மடங்கு எரியும். கொக்கிளாய், நந்திக்கடல், சுண்டிக்குளம் கடனீரேரிகளை அண்டி நடப்பவர்கள் தில்லை மரத்தைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை போகும் அளவுக்கு வீங்கும். கொப்பு முறித்த கையால் முகம் துடைப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

உண்ணிக்கு வருவோம். மாடும் மானும் படுத்தெழும்பும் இடங்களில் புல்நுனிகளில் உண்ணிக்குஞ்சுகள் கொத்தாகத் தொங்கும். உரசியவுடன் நூற்றுக்கணக்கில் ஏறும். கண்ணுக்கு அழுக்குப் புள்ளி போலத்தான் தெரியும். வெளிர்நிற உடுப்புப் போடச் சொல்வது இதற்காகத்தான். துணியிலோ தோலிலோ ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஒட்டும் நாடாவால் கூட்டமாக ஒற்றி எடுக்கலாம். கடித்துப் பதிந்துவிட்ட பெரிய உண்ணியை நுனி கூரான சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய் ஊற்றுவது, நெருப்புக்குச்சியால் சுடுவது இரண்டும் கூடாது. உண்ணி தன் வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடும். வடக்கில் உண்ணிக்காய்ச்சல் என்று சொல்லப்படுவதைப் பரப்புவது இன்னும் சிறிய பூச்சி, கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு. அது இடுப்புப்பட்டியின் கீழ், அக்குள், கவட்டுப் பக்கம் என்று மறைவான இடம் தேடிக் கடிக்கும். கடித்த இடத்தில் சிகரெட் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு வரும், நோவே இருக்காது.

மணல் ஈ கடித்துப் பரவும் லீஷ்மானியா தோல்நோயும் இலங்கையின் உலர்வலயத்தில் இருக்கிறது. அதுவும் நோகாத கட்டியாகத்தான் தொடங்கும். மணல் ஈ பொழுதுபடும் நேரத்தில், திறந்த தோலில் கடிப்பது. மலேரியாப் பயம் இன்றைக்கு இல்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. அதற்காக நுளம்பு எண்ணெயை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம், டெங்கு இருக்கிறது.

பாதையை விட்டு விலகுவது

அம்மண நடை ஐரோப்பாவில் நடைமுறைக்கு வருவதே ஆள் கண்ணில் படாத ஒதுக்கம் கிடைப்பதால்தான். பெரிய பாதையில் சனம் வந்தால் ஒற்றையடிப் பாதைக்கு மாறுவார்கள், அங்கும் வந்தால் பற்றைக்குள் விலகுவார்கள். வன்னியில் உயிருக்கு ஆபத்தான செயல் அதுதான். மூத்திரத்துக்கு ஒதுங்குகிறவரும் படம் எடுக்க நாலு அடி உள்ளே போகிறவரும் இதைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது மிதிவெடி. இலங்கை 2017 டிசெம்பரில் மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்தது. ஹலோ ட்ரஸ்ட், மக், டாஷ், ஷார்ப் ஆகிய அமைப்புகளும் இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவும் பெரும்பரப்பைத் துப்புரவாக்கிவிட்டன. ஆனால் காட்டோரங்களில், பழைய முன்னரண் வரிகளில், கைவிட்ட மண்ணணைகளில் மிச்சம் கிடக்கிறது. மாரி வெள்ளம் மண்ணை அரித்துப் புதைந்ததை வெளியே கொண்டுவரும், இடமும் மாற்றும். சிவப்புப் பலகையில் மண்டையோட்டைக் கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் இல்லை. பலகை இல்லாததால் அது துப்புரவான இடம் என்று அர்த்தமுமில்லை. கறையானும் காட்டுத்தீயும் யானையும் பலகையை விட்டுவைப்பதில்லை. உழவு இயந்திரச் சில்லும் மாட்டுக் குளம்பும் புதிதாகப் பதிந்த தடத்தில் மட்டும் நடக்க வேண்டும். வழி கேட்பதும் ஒரு பாதுகாப்பு. “அண்ணை, உந்த ரோட்டாலை ஆக்கள் போறவையோ?” என்று கேட்டால் “மாடு போறது தம்பி, ஆனா உந்த அணைக்கு அங்காலை போகாதேங்கோ” என்று தேவையான பதில் வரும்.

தவறிப்போய் உள்ளே வந்துவிட்டது தெரிந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். கூட வருகிறவர்களையும் நிற்கச் சொல்லிச் சத்தமிட வேண்டும். கைத்தொலைபேசியில் பொலிஸின் 119 க்கு அழைத்து இடத்தைச் சொல்லிக் காத்திருக்க வேண்டும். உதவி வரவே வழியில்லை, வந்த அடித்தடம் மண்ணில் தெளிவாகத் தெரிகிறது என்றால் மட்டும், அந்தத் தடத்திலேயே கால் வைத்துத் திரும்பலாம். காய்ந்த இலைச் சருகில் தடம் தெரியாது. துருப்பிடித்த எதையும் தொடவோ தட்டவோ கூடாது.

இரண்டாவது கட்டுத்துவக்கு. பன்றிக்கும் மானுக்கும் கட்டுவது. சட்டவிரோதம், ஆனாலும் கட்டுகிறார்கள். மிருகத் தடத்தின் குறுக்கே மெல்லிய கம்பியோ தங்கூசியோ ஆளின் முழங்கால் அளவில் இழுத்திருக்கும், கால் பட்டால் பக்கத்திலிருந்து வெடிக்கும். ஆகவே ஒற்றையடித் தடம் என்று நம்பி மிருகம் போகும் தடத்தில் ஏறக்கூடாது. மனிதர் நடக்கும் தடத்தில் தலை உயரத்துக் கொப்புகள் வெட்டப்பட்டிருக்கும். மிருகத் தடத்தில் இடுப்புக்கு மேலே பற்றை மூடிக் கிடக்கும். தடத்தில் குனிய வேண்டி வந்தால் திரும்பிவிடுங்கள். பன்றிக்காகத் தீனிக்குள் வெடி வைத்துப் போடும் வழக்கமும் உண்டு. தரையில் கிடக்கும் பூசணித் துண்டையோ உருண்டையையோ உதைக்க வேண்டாம்.

மூன்றாவது வயலோரக் கம்பி. அரசு போட்ட யானை வேலியில் மின்சாரம் துடிப்புத் துடிப்பாக வரும். தூக்கிப் போடுமே தவிர, பொதுவாகக் கொல்லாது. சிலர் வீட்டு மின்சாரத்தை நேரே கம்பிக்குக் கொடுக்கிறார்கள். அதில் பட்டு யானையும் செத்திருக்கிறது, ஆளும் செத்திருக்கிறார். குளத்தில் குளித்த ஈரத்தோடு வெறும் மேனியாக, பொழுதுபட்ட பின் வரம்பால் வருவதைவிட மோசமான சேர்க்கை இதற்கு இல்லை. ஈரத்தோல் மின்சாரத்தை எளிதாக உள்ளே விடும்.

யானையை எல்லாரும் சொல்வார்கள். ஆவணிக்குப் பிறகு காட்டுக்குள் தண்ணீர் வற்ற, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, இரணைமடு போன்ற பெரிய குளங்களின் உள்வாயில் பின்னேரம் நாலு மணியிலிருந்து இறங்கும். விடிய ஏழு மணிக்குப் பிறகு தொடங்கி மூன்றரைக்கு முன் வீதிக்கு வந்துவிடுவது என்ற ஒழுங்கு இருந்தால் பெரும்பாலான சந்திப்புகளைத் தவிர்க்கலாம். ஈரமும் சூடும் ஆறாத இலத்தி, பச்சை வாடாத முறிந்த கொப்பு கண்டால் வந்த வழியே திரும்புவதுதான் முறை. யானை மோப்பத்தில் வல்லது; காற்று உங்கள் முதுகிலிருந்து அதன் பக்கம் வீசினால் நீங்கள் மறைந்து நிற்பதில் பயனில்லை.

காட்டோடு பழகியவர்களுக்கு யானையைவிடக் கரடியில்தான் பயம் கூட. வைகாசி, ஆனி, ஆடி பாலைப்பழக் காலம். கரடி மரத்தில் ஏறியிருக்கும், அல்லது கீழே உதிர்ந்ததைப் பொறுக்கிக்கொண்டிருக்கும். தின்னும்போதும் கறையான் புற்றைத் தோண்டும்போதும் அதற்கு வேறு சத்தம் கேட்காது. திடுக்கிட்டதென்றால் எழுந்து நின்று முகத்தைத்தான் பிறாண்டும். பாலைமரம் அடர்ந்த இடத்தில் கதைத்துக்கொண்டு, கைதட்டிக்கொண்டு நடக்க வேண்டும். காட்டின் அமைதியை அனுபவிக்கப் போகிறவருக்கு இது கசக்கும். அந்த மாதங்களில் வேறு இடம் பார்க்கலாம்.

உடுப்பும் பையும்

இனி எடுத்துப்போவது. அரை நாளில் எட்டு முதல் பத்து கிலோமீற்றர் போதும். மணலும் வேரும் உள்ள வண்டிப்பாதையில் மணிக்கு மூன்று கிலோமீற்றருக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம். சேர்ட் ஒரு அளவு பெரிதாக, நீளக்கையோடு, வெளிர்நிறத்தில். காற்சட்டை மெல்லிய துணியில். ஜீன்ஸ் வேண்டாம், வியர்வையில் நனைந்து தொடையை உரஞ்சும். தொடை இடுக்கில் புறப்படுமுன் வசலின் பூசிக்கொண்டால் உரைசல் புண் வராது. படையினரின் உடுப்புப் போன்ற புள்ளித்துணி கூடவே கூடாது. சட்டச் சிக்கல் ஒருபுறமிருக்க, ஊரில் இன்னும் அந்தத் துணியைக் கண்டால் பதைக்கிற சனம் இருக்கிறது.

அம்மண நடைக்காரரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இங்கேதான் இருக்கிறது. அவர்கள் பையின் மேற்பக்கத்தில் எப்போதும் இரண்டு துணி இருக்கும்: எங்கே உட்கார்ந்தாலும் கீழே விரிக்க ஒரு துவாய், ஆள் வந்தால் ஒரு நொடியில் இடுப்பில் சுற்றிக்கொள்ள ஒரு துண்டு. வன்னியில் இந்த இரண்டு வேலையையும் சாரம் ஒன்றே செய்யும். உட்கார விரித்தால் உண்ணியும் முசுறும் நேரே உடம்பில் ஏறாது. குளிக்கக் கட்டலாம். இரண்டு மரத்துக்கிடையில் இழுத்தால் மத்தியான நிழல். கால் முறிந்தவரைக் காவ, தைத்த சாரம் இரண்டை இரண்டு நீளத் தடிகளில் கோத்தால் காவுபடுக்கை. அதனால் ஆளுக்கொரு சாரம் கணக்கு. பெண்களும் ஒன்று வைத்திருப்பது நல்லது. துவாய் தனியாகத் தலைக்கு: நனைத்துத் தலையிலும் பிடரியிலும் போட்டால் கச்சான் காற்றில் நல்ல குளிர்ச்சி. பையின் தோள்வார் அகலமானதாக இருக்க வேண்டும். சேர்ட் இல்லாமல் பையைக் கொளுவினால் ஒரு மணித்தியாலத்தில் வாரின் ஓரம் தோலை அறுக்கும்; ஐரோப்பாவில் அம்மணமாக நடக்கிறவர்களும் அதற்காகத் தோளில் துணி போடுவதுண்டு.

பாரத்தில் பெரும்பங்கு தண்ணீர். வெயிலில் நடக்கும்போது மணிக்கு அரை முதல் முக்கால் லீற்றர் போகும். நாலு மணித்தியாலத்துக்கு மூன்று லீற்றர், அவசரத்துக்கு அரை லீற்றர் மிகுதி. ஒன்றரை லீற்றர் போத்தல் இரண்டும் அரை லீற்றர் போத்தல் ஒன்றும் என்று பிரித்தால் ஒன்று உடைந்தாலும் மற்றது இருக்கும். வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே போவதும் ஆபத்து. வியர்வையில் உப்பும் போகிறது. ஜீவனிப் பக்கெற் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கெற்றுக்கு ஒரு லீற்றர், குறைத்துக் கரைக்கக் கூடாது. கிடைக்காவிட்டால் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் ஆறு மட்டமான தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். குளத்து நீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம். சாப்பாட்டுக்குக் கச்சான் (நிலக்கடலை) ஒரு கை, பனங்கட்டி நாலு குட்டான் துண்டு, பேரீச்சம்பழம். பொரிவிளாங்காய் கிடைத்தால் அதைவிட நல்ல வழிச்சாப்பாடு இல்லை, பழுதாகாது. வாழைப்பழத்தைப் பைக்குள் வைத்தால் குரங்கு தேடி வரும், யானைக்கும் மணக்கும்.

மருந்துப் பொட்டலம் கைக்கடங்கியதாக இருந்தால் போதும்: பத்து சென்ரிமீற்றர் அகல மீள்பந்தனம் இரண்டு, காயத்துணி, பிளாஸ்ரர், காயம் துடைக்கச் சிறு போத்தல் பெற்றடீன், சாமணம், ஊசி, அகல ஒட்டும் நாடா, பரசிற்றமோல், ஒவ்வாமைக்குப் பிரிற்றன். அஸ்பிரின் வகை வேண்டாம். டெங்குவிலும் புடையன் கடியிலும் இரத்தப்போக்கைக் கூட்டும். இவற்றோடு ஊதுகுழல், லைற்றர், பகல் நடையானாலும் ரோர்ச் லைற். தொலைபேசி உட்காட்டில் பல இடங்களில் அலைவரிசை பிடிக்காது. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து, எந்தப் பாதையால் போய் எத்தனை மணிக்கு வருவோம் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். நில அளவைத் திணைக்களத்தின் ஐம்பதாயிரத்துக்கு ஒன்று வரைபடத்தாள் பழைய குளங்களையும் ஆறுகளையும் நன்றாகக் காட்டும். பாதைகளை நம்ப வேண்டாம், போருக்குப் பின் நிறைய மாறிவிட்டன.

ஒவ்வோர் ஆண்டும் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் வன்னிக் கரையோரத்தால் நடந்துதான் முல்லைத்தீவைத் தாண்டுகிறார்கள். ஒரு துணிப்பை, ஒரு போத்தல், மாற்றுடுப்பு: அவ்வளவுதான் சுமை. ஆனால் அவர்களுக்கு வழியெங்கும் மடமும் அன்னதானமும் உண்டு. அதைப் பார்த்துப் பையைக் குறைத்துக்கொண்டு தனியே காட்டுக்குள் போகக் கூடாது.

பாம்பு கடித்தால் செய்ய வேண்டியது கொஞ்சம், செய்யக்கூடாதது அதிகம். கடிபட்டவரை இருத்தி ஆறுதல்படுத்தி, மோதிரம், காப்பு, சப்பாத்தைக் கழற்றி, கடிபட்ட காலை அசையாமல் தடி வைத்துக் கட்டி, சாரப் படுக்கையில் காவ வேண்டும். நடக்கவிடக் கூடாது. கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கக் கூடாது. பாம்பைத் துரத்திப் பிடிக்கவும் வேண்டாம். தூரத்தில் நின்று படம் எடுக்க முடிந்தால் போதும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸ் இலவசம். புடையன், நாகம், கட்டுவிரியன், சுருட்டை நான்குக்கும் விஷமுறிவு மருந்து உண்டு. புடையன் பெரும்பாலும் கணுக்காலைச் சுற்றித்தான் கடிக்கும். தடித்த சப்பாத்தும் தளர்ந்த காற்சட்டையும் பல கடிகளை வெறும் கீறலாக ஆக்கிவிடும்.

குளிப்பும் அதற்குப் பிறகும்

வெறும் மேனியின் சுகம் வேண்டும் என்பவருக்கு வன்னி தருவது குளத்துக் குளிப்புத்தான். ஊர் குளிக்கும் துறையில், ஊர் குளிக்கும் நேரத்தில். ஆண்களின் துறையும் பெண்களின் துறையும் பல குளங்களில் வேறுவேறு. கேட்காமல் இறங்க வேண்டாம். துறை இல்லாத கரையில் முதலை உண்டு. தாமரையும் சல்லும் மூடிய ஓரமும், கோடையில் நீர் சுருங்கிய குட்டையும் அதற்கு மிகப் பிடித்த இடங்கள். காலில் முள் கிழித்த காயம் இருந்தால், மாரிக்குப் பின் வயல்நீரிலும் கலங்கல் நீரிலும் இறங்குவதைத் தவிர்க்கவும். எலிக்காய்ச்சல் அந்தக் காயத்தால்தான் ஏறும்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பு முழுவதையும் முற்றத்திலேயே கழற்றிச் சுடுதண்ணீரில் போட வேண்டும். கதிரையில் போட்டால் உண்ணி வீட்டுக்குள் வரும். சவர்க்காரம் போட்டு நன்றாகத் தேய்த்துக் குளித்து, வெளிச்சத்தில் நின்று உடம்பு முழுவதையும் பார்க்க வேண்டும்: காதின் பின்புறம், அக்குள், தொப்புள், கவடு, முழங்கால் மடிப்பு. முதுகைப் பார்க்க இன்னொருவர் வேண்டும். அடுத்த மூன்று நாலு கிழமைக்குள் காய்ச்சல் வந்தால் அதை வெறும் தடிமன் என்று விடாமல் வைத்தியரிடம் போய், வன்னிக் காட்டில் நடந்ததையும் குளத்தில் இறங்கியதையும் சொல்ல வேண்டும். உண்ணிக்காய்ச்சல் ஆறு நாள் முதல் மூன்று கிழமை வரை தாமதித்துக் காட்டும், எலிக்காய்ச்சல் ஒரு மாதம் வரைகூட எடுக்கும். அதற்குள் நீங்கள் சூரிச்சிலோ லண்டனிலோ இருப்பீர்கள். அங்கத்தைய வைத்தியருக்கு இந்த இரண்டு நோயும் தாமாக நினைவுக்கு வராது. உண்ணிக்காய்ச்சலுக்கு scrub typhus, எலிக்காய்ச்சலுக்கு leptospirosis என்று பெயரைச் சொல்லிப் பரிசோதிக்கக் கேளுங்கள்.